‘வசனம் எங்கே இருக்கிறது?’ – இறைவார்த்தையை வாசிக்கும் இரு வழிகள்



தாம்பரத்திலிருந்து இரும்புலியூர், பெருங்களத்தூர் வழியாக வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் பயணம் செய்யும் நமக்கு, இருபுறத் தெருக்களிலும் எத்தனையோ சபைகளின் பெயர்ப்பலகைகள் கண்ணில் படுகின்றன. அந்தச் சபைகளுக்குச் செல்பவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். பக்கத்து வீட்டார், உடன் வேலை செய்பவர்கள், சில குடும்பங்களில் நம் சொந்த அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள். அவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நீங்கள் செய்வது பைபிளில் எங்கே இருக்கிறது? வசனத்தைக் காட்டுங்கள்.”

இக்கேள்வியைக் கேட்டதும் நம்மில் பலர் கோபப்படுகிறோம், அல்லது பதில் தெரியாமல் தலைகுனிந்து நிற்கிறோம். இரண்டுமே தேவையில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால், கடவுள் மனிதரோடு எப்படிப் பேசுகிறார் என்பதைப் பற்றிய ஒரு குறிப்பிட்ட பார்வை இருக்கிறது. அப்பார்வையைப் புரிந்துகொண்டால் அன்போடும் தெளிவோடும் பதில் சொல்லலாம். விவிலிய அடிப்படைவாதம் என்று அழைக்கப்படும் அப்பார்வையைப் பற்றி இன்று சிந்திப்போம்.

பெயர் வந்த வரலாறு

அடிப்படைவாதி என்ற சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. பிறந்தபோது அது அப்படி இல்லை. கிறிஸ்தவர்கள் சிலர் தங்களுக்குத் தாங்களே பெருமையோடு சூட்டிக்கொண்ட பெயர் அது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டார்வினின் பரிணாமக் கோட்பாடும், ஐரோப்பிய அறிஞர்களின் புதிய விவிலிய ஆய்வுகளும் பரவின. இறையியலார் சிலர் இயேசுவின் கன்னிப் பிறப்பையும், ஏன், அவரது உயிர்ப்பையுமே சந்தேகிக்கத் தொடங்கினர். இதைக் கண்டு அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபையினர் பலர் கலங்கினர். நம்பிக்கையின் அடித்தளத்தையே அசைக்கிறார்களே என்ற அச்சம் அவர்களுக்கு.

1910-க்கும் 1915-க்கும் இடையில் ‘தி ஃபண்டமென்டல்ஸ்’, அதாவது ‘அடிப்படைகள்’ என்ற பெயரில் 12 நூல்கள் வெளிவந்தன. எண்ணெய்த் தொழிலதிபர் லைமன் ஸ்டூவர்ட்டும் அவருடைய சகோதரரும் செலவை ஏற்றுக்கொண்டனர். போதகர்களுக்கும், உலகெங்கும் இருந்த மறைப்பணியாளர்களுக்கும் இலவசமாக அனுப்பப்பட்ட இந்நூல்களின் பிரதிகள் மொத்தம் சுமார் 30 லட்சம். 1920-இல் கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் இதழாசிரியர், இந்த அடிப்படைகளுக்காகப் போராட ஆயத்தமாயிருப்பவர்களை ‘அடிப்படைவாதிகள்’ என்று அழைத்தார். 1925-இல் டென்னசி மாநிலத்தில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, இப்பெயர் உலகம் முழுவதும் தெரிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாப் பிரிவினை சபைகளையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் விவிலியத்தை ஆழ்ந்து ஆராயும் அறிஞர்கள் பலர் உண்டு. பெந்தெகொஸ்தே சபையினரும் தொடக்ககால அடிப்படைவாதிகளும் ஒன்றல்லர். அந்நிய மொழியில் பேசுவதை அமெரிக்க அடிப்படைவாதிகள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். இந்தப் பார்வை ஒரு சபையின் பெயரைச் சார்ந்தது அல்ல. விவிலியத்தைக் கையில் எடுக்கும் விதத்தைச் சார்ந்தது. ஆகவே அது கத்தோலிக்கர் இல்லத்திலும் இருக்கக்கூடும்.

அவர்கள் நம்புவது என்ன?

மறைநூல் முழுவதும் கடவுளின் மூச்சால் உண்டானது என்று பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 திமொத்தேயு 3:16). அடிப்படைவாதிகள் இதிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வருகிறார்கள். ஒன்று, விவிலியத்தின் கருத்து மட்டுமல்ல, ஒவ்வொரு சொல்லும் கடவுள் தந்தது. இரண்டு, எனவே நம்பிக்கை, ஒழுக்கம் பற்றி மட்டுமல்லாமல், வரலாறு, இயற்கை பற்றி அது கூறும் எதிலும் பிழை இருக்க முடியாது. மூன்று, அதன் பொருள் வெளிப்படையானது. நம்பிக்கையோடு வாசிக்கும் எவருக்கும் அது போதும். திருஅவையின் மரபோ ஆசிரியமோ தேவையில்லை.

1978-இல் சிகாகோவில் கூடிய சுமார் 300 நற்செய்தி இயக்கத்தவர் விவிலியத்தின் பிழையற்ற தன்மை பற்றி ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டனர். கையெழுத்திட்ட எல்லாருமே தங்களை அடிப்படைவாதிகள் என்று சொல்லிக்கொள்பவர்கள் அல்லர். ஆனாலும், பிழையற்ற தன்மை பற்றிய நம்பிக்கை அதில் கவனமாக வரையறுக்கப்பட்டது. பிழையற்ற தன்மை நேரடியாக உரியது ஆசிரியர்கள் முதலில் எழுதிய மூல ஏடுகளுக்கே என்றும் அவர்கள் தெளிவுபடுத்தினர். அந்த மூல ஏடுகள் எவையும் இன்று இல்லை. நம்மிடம் இருப்பவை படிகளும் மொழிபெயர்ப்புகளுமே.

இதில் நாம் முதலில் மதிக்க வேண்டியதை மதிப்போம். விவிலியம் கடவுளின் வார்த்தை என்பதில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கமும், மறைநூலின் ஆசிரியர் கடவுளே என்று கற்பிக்கிறது. மேலும், அவர்களில் பலர் விவிலியத்தை நாள்தோறும் வாசிக்கிறார்கள். அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம் செய்கிறார்கள். அந்தத் தாகத்தை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

வேறுபாடு எங்கே?

வேறுபாடு, கடவுள் எவ்விதம் ஆசிரியர் என்பதில் இருக்கிறது. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதுவதுபோல் விவிலியம் எழுதப்பட்டதா? விவிலியமே பதில் சொல்லட்டும்.

லூக்கா தம் நற்செய்தியின் தொடக்கத்தில் தியோபிலிடம் என்ன சொல்கிறார்? தமக்கு முன்பே பலர் எழுதியிருக்கிறார்கள், தாம் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து கருத்தாய் ஆய்ந்து எழுதுகிறார் என்று சொல்கிறார். உழைத்துத் தேடி எழுதிய ஒருவரின் சொற்கள் அவை. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதும்போது, கிறிஸ்பு, காயு ஆகிய இருவரைத் தவிர உங்களில் யாருக்கும் நான் திருமுழுக்குக் கொடுக்கவில்லை என்கிறார். உடனே ஸ்தேவனாவின் வீட்டார் நினைவுக்கு வருகிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்கிறார். வேறு யாருக்காவது கொடுத்தேனா, நினைவில்லை என்று முடிக்கிறார் (1 கொரிந்தியர் 1:14-16). கடவுளுக்கு மறதி இல்லை. ஆனால் தம் வார்த்தையை மறதியுள்ள ஒரு மனிதரின் கையால் எழுத அவர் வெட்கப்படவில்லை.

இது நமக்கு வியப்பாக இருக்கத் தேவையில்லை. நித்திய வார்த்தையானவரே பசியும் தாகமும் களைப்பும் உள்ள மனிதராக நம்மிடையே வந்தார். அதுபோலவே கடவுளின் வார்த்தைகளும் மனித மொழியில் வந்தன என்று சங்கம் விளக்குகிறது. இயேசுவைக் கடவுளாக மட்டும் கண்டு, அவருடைய மனிதத்தன்மையை மறுத்தவர்களைத் தொடக்கத் திருஅவை தவறென்று கண்டது. விவிலியத்தின் மனிதத்தன்மையை மறுப்பதும் அதைப் போன்றதே. எனவேதான், எழுதியவர் என்ன சொல்லக் கருதினார், எந்தக் காலத்தில், எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று தேட வேண்டும் என்கிறது திருஅவை. கவிதையைக் கவிதையாகவும், உவமையை உவமையாகவும், வரலாற்றை வரலாறாகவும் வாசிக்க வேண்டும். நம் மீட்புக்காகக் கடவுள் தர விரும்பிய உண்மையை மறைநூல் பிழையின்றிக் கற்பிக்கிறது என்பதே நம் நம்பிக்கை.

திருஅவையும் இதை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. பூமி சுற்றுகிறது என்று கூறிய கலிலேயோ 1633-இல் தண்டிக்கப்பட்டபோது, விவிலிய வசனங்களை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். அன்றைய இறையியலார் செய்த பிழையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

தமிழ் விவிலியம் கற்பிக்கும் பாடம்

நம் தமிழ் விவிலியத்தின் வரலாறே இதை நமக்கு விளக்கும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கம் செய்து, 1714-15-இல் அங்கேயே அச்சிட்டார். கடவுளைக் குறிக்க அவர் ‘சர்வேசுரன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். பின்னர் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995-இல் வெளிவந்த நம் திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. இந்த நான்கில் எது கடவுள் சொல்லிக் கொடுத்த சொல்? நான்கும் மனிதர்கள் மன்றாடி, ஆராய்ந்து, தேர்ந்தெடுத்த சொற்கள். அந்த நான்கு சொற்களாலும் தமிழர்கள் ஒரே கடவுளைத்தான் அழைத்தார்கள்.

1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அழகிய நடையுடையது. அதற்குப் பிறகு எளிய தமிழில் திருத்தப்பட்ட பதிப்புகள் வந்தபோதும் பலர் அதைக் கைவிட மறுத்தார்கள். பாசத்தால் மறுத்தால் அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் இந்தச் சொற்கள்தாம் பரிசுத்தமானவை, மற்றவை கலப்படம் என்று சொல்லும்போது, மொழிபெயர்த்த மனிதரின் உழைப்பை நாம் மறந்துவிடுகிறோம்.

பிரித்தெடுத்த வசனம்

ஆண்டுத் தொடக்கத்தில் வாக்குத்தத்த வசன அட்டைகள் வழங்கும் வழக்கம் நமக்குத் தெரியும். இப்போது அது கத்தோலிக்க இல்லங்களிலும் நுழைந்திருக்கிறது. அவற்றில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. உங்களுக்காக நான் வகுத்துள்ள திட்டங்கள் நல்வாழ்வுக்கானவை, கேட்டுக்கானவை அல்ல என்று ஆண்டவர் உறுதிகூறும் பகுதி அது. வேலை தேடும் இளைஞரும், குழந்தைக்காக ஏங்கும் தம்பதியரும் அதைத் தங்களுக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய வசனத்தையும் வாசிக்க வேண்டும். அது பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட ஒரு மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். எழுபது ஆண்டுகள் முடிந்த பின்புதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார் ஆண்டவர். அக்கடிதம் வாசிக்கப்படக் கேட்ட முதியோர் பலர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெற்று வளருங்கள், நீங்கள் வாழும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்றும் அக்கடிதம் சொல்கிறது. இந்த ஆண்டுக்குள் எல்லாம் நடந்துவிடும் என்ற வாக்குறுதியாக அதை நினைத்தவருக்கு, டிசம்பரில் ஏமாற்றம்தான் மிஞ்சும். கடவுள் ஏமாற்றிவிட்டார் என்றோ, என் நம்பிக்கை போதவில்லை என்றோ அவர் நினைப்பார். முழுக் கடிதத்தையும் வாசித்தவரோ, காத்திருக்கும் காலத்திலும் கடவுள் உடனிருக்கிறார் என்று அறிவார். எது அதிக ஆறுதல்?

நோயாளியின் கட்டிலருகே

வாசிக்கும் விதம் சில வேளைகளில் உயிரோடும் தொடர்புடையது. நமக்கு அருகே இரும்புலியூரில், தி பெந்தெகொஸ்தே மிஷன் என்ற சபையின் தலைமையகம் இருக்கிறது. 1920-களில் இலங்கையில் தோன்றிய சபை அது. கேரளத்தில் இராமன்குட்டி என்ற பெயருடன் பிறந்து, பாஸ்டர் பால் என அறியப்பட்டவர் அதைத் தொடங்கினார். அதன் ஊழியர்கள் மணம் செய்துகொள்ளாமல் ‘விசுவாச வீடு’களில் குழுவாக, எளிமையாக வாழ்கிறார்கள். நம் துறவியர் வாழ்வை அது நினைவூட்டுகிறது. மருந்தின்றி ஆண்டவரை மட்டுமே நம்பிக் குணம் பெறுவது அவர்களுடைய போதனைகளுள் ஒன்று. தம் உடலைப் பற்றி ஒருவர் மனச்சான்றின்படி எடுக்கும் முடிவை இகழ்வது நம் நோக்கமன்று. அந்தப் போதனைக்குக் காட்டப்படும் வசனங்களை நாம் எவ்வாறு வாசிக்கிறோம் என்பதே இங்கே கேள்வி.

நானே உங்களைக் குணமாக்கும் ஆண்டவர் என்று விடுதலைப் பயண நூலில் (15:26) கடவுள் கூறுகிறார். ஆசா அரசர் நோயுற்றபோது ஆண்டவரை நாடாமல் மருத்துவரை நாடினார் என்று குறிப்பேடு குறைகூறுகிறது (2 குறிப்பேடு 16:12). உங்களுள் ஒருவர் நோயுற்றிருந்தால் திருஅவையின் மூப்பர்களை அழைக்கட்டும். அவர்கள் எண்ணெய் பூசி இறைவனிடம் வேண்டட்டும் என்கிறார் யாக்கோபு (5:14-15). இவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்தால், மருந்து நம்பிக்கைக்கு எதிரி என்றே தோன்றும்.

ஆனால் ஆசா குறைகூறப்பட்டது மருத்துவரிடம் சென்றதற்காக அன்று, ஆண்டவரை மறந்ததற்காக. யாக்கோபு மன்றாடச் சொல்கிறார். மருந்தை விடச் சொல்லவில்லை. நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். திமொத்தேயுவின் வயிற்றுக்காகச் சிறிது திராட்சை மது பருகச் சொன்னவர் பவுலடியார். அவருடைய அன்புத் தோழர் லூக்கா ஒரு மருத்துவர். எல்லாவற்றுக்கும் மேலாக, சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மருத்துவரை மதி, ஏனெனில் அவரையும் ஆண்டவரே படைத்தார். மருந்துகளை நிலத்திலிருந்து உண்டாக்கியவரும் அவரே. நோயுற்றால் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு என்பதே அதன் சாரம்.

“சீராக் எங்கள் பைபிளில் இல்லையே” என்பார்கள். உண்மைதான், அவர்களுடைய விவிலியத்தில் 66 நூல்கள், நம்முடையதில் 73. ஆனால் தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்குப் பின் பழைய ஏற்பாட்டை முடித்த லுத்தரன் மறைப்பணியாளர் சூல்ட்சே, 1728-இல் இந்த நூல்களையும் இணைநூல்களாகத் தமிழில் அச்சிட்டார். எந்தெந்த நூல்கள் மறைநூல் என்ற பட்டியல் விவிலியத்துக்குள் எங்கும் இல்லை. 393-இல் ஹிப்போவிலும் 397-இல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர்களின் மன்றங்கள் அந்தப் பட்டியலைத் தந்தன. ‘வசனம் மட்டும் போதும்’ என்பவரும், எது வசனம் என்பதைத் திருஅவையின் கையிலிருந்தே பெற்றிருக்கிறார்.

யாக்கோபின் அதே வசனத்திலிருந்துதான் நம் நோயில்பூசுதல் அருளடையாளம் வருகிறது. குரு எண்ணெய் பூசுகிறார். மருத்துவர் சிகிச்சை தருகிறார். இரண்டும் ஒரே கடவுளின் இரக்கம். முன்பு இதை ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று அழைத்ததால், குருவை அழைத்தால் சாவு வந்துவிடும் என்று அஞ்சுவோர் இன்றும் உண்டு. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இச்சடங்கைப் புதுப்பித்தபோது, இது இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாக்கப்பட்டது. வீட்டில் ஒருவர் கடுமையாக நோயுற்றால் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்வோம். பங்குத்தந்தைக்கும் சொல்லி அனுப்புவோம்.

தாம்பரம் சானடோரியத்தை நாம் எல்லாரும் அறிவோம். 1928-இல் டேவிட் சவரிமுத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் உண்ண வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவரும், மனநோய்க்கு மருந்து உண்பவரும் அப்படியே. எனவே, “விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து” என்று எவர் வசனம் காட்டிச் சொன்னாலும், அவர் எந்தச் சபையினராயினும், நம் செபக்குழுவினரே ஆயினும், அதைக் கேட்க வேண்டாம். குணமாகாத நோயாளியிடம் “உன் விசுவாசம் குறைவு” என்று சொல்வது, ஏற்கெனவே சுமை சுமப்பவர்மீது இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

நாம் செய்ய வேண்டியது

திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு 1993-இல் வெளியிட்ட ஆவணம், வாழ்வின் சிக்கல்களுக்கு ஆயத்தமான விடை தேடுவோரை அடிப்படைவாதம் கவர்கிறது என்று சுட்டிக்காட்டுகிறது. அப்படியானால் நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம். நம் பங்கில் வேலையிழந்தவர், நோயுற்றவர், தனிமையில் வாடுபவர் தம் துயரத்தைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா? அவரோடு அமர்ந்து விவிலியத்தைத் திறக்க ஒருவர் இருக்கிறாரா? அன்பியக் கூட்டம் வெறும் சடங்காகிவிட்டால், தாகமுள்ளவர் வேறு கிணற்றைத் தேடிப் போவது இயல்பே.

ஆகவே சில எளிய பழக்கங்களைக் கைக்கொள்வோம். ஒரு வசனத்தை வாசிக்கும்போது அதன் முழு அதிகாரத்தையும் வாசிப்போம். யார், யாருக்கு, எந்தச் சூழலில் எழுதினார் என்று கேட்போம். திருவிவிலியத்தில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுள்ள முன்னுரை அதற்கு உதவும். புரியாததைப் பங்குத்தந்தையிடமும் மறைக்கல்வி ஆசிரியரிடமும் கேட்போம். எந்தப் பொருள் கொண்டாலும், அது இயேசுவின் இரக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். ஏனெனில் நமக்குக் கடவுளின் முழு வெளிப்பாடு, நமக்காகப் பிறந்து, இறந்து, உயிர்த்த இயேசுவே. விவிலியம் நம்மை அவரிடம் அழைத்துச் செல்கிறது.

அடுத்த முறை பக்கத்து வீட்டுச் சகோதரர் “வசனம் எங்கே?” என்று கேட்டால், கதவைச் சாத்த வேண்டாம். “வாருங்கள், அந்த அதிகாரம் முழுவதையும் சேர்ந்து வாசிப்போம்” என்று அழைப்போம். எம்மாவு வழியில் சீடர்களோடு நடந்து, மறைநூலை விளக்கி, அவர்கள் உள்ளங்களைப் பற்றியெரியச் செய்த ஆண்டவர், அவ்வாறு வாசிக்கும் இருவர் நடுவிலும் வந்து அமர்வாராக. ஆமென்.